அறுந்து போகாத வார்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்து கோணலாகவும் பிழையாகவும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன். துபாயில் இருக்கும் மகளிடம் அவள் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட, நான் தனியாக விமானம் ஏறினேன். பேத்திக்கு நான்கு வயது, பேரனுக்கு ஒன்றரை. தொலைந்துவிடக் கூடாதென்று இருவர் மணிக்கட்டையும் சேர்த்து ஒரு தோல் வார் தைத்துப் போட்டிருந்தேன்.

இறங்கியதும் என் இரண்டு கையிலும் பை. நகரும் படிக்கட்டின் முன், கூடவே பயணம் செய்த குடியாத்தத்துப் பெண், "அண்ணா, சின்னவன நான் தூக்கிக்கினு வரட்டா?" என்றார்.

கூச்சத்தில், "வேணாம்மா" என்றேன்.

பேத்தி படியில் ஏறிவிட்டாள். பேரன் பயந்து கீழேயே நின்றான். வார் அவனைக் கவிழ்த்து, படிகளில் தேய்த்து இழுத்துப் போனது. "தாத்தா, கை வலிக்குது!" என்று பேத்தி கத்தினாள். பைகளை எறிந்துவிட்டு வாரைப் பிய்க்கப் பார்த்தேன். நான் தைத்தது அறுந்து போகவில்லை. அந்தப் பெண்தான் ஓடிவந்து படிக்கட்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

பேரனுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கையால் அவன் எதையும் பிடிப்பதில்லை. "அவங்ககிட்ட குடுத்திருந்தா இன்னாப்பா கொறஞ்சிட்டிருக்கும்?" என்று மகள் அழுதாள்.

இப்போது பஸ்ஸில் பிள்ளைகளோடு யாராவது தனியாகத் தவித்தால், நானே போய்ப் பையை வாங்கிக்கொள்கிறேன். பேச்சு வராவிட்டாலும் கையை நீட்டிவிடுகிறேன்.

எழுதி முடித்தது: ஆவணி 10, ஞாயிற்றுக்கிழமை.