தண்ணீர் ஏற வேண்டிய உயரம்

நீச்சல் தடாகப் பொறுப்பாளர்: ஆண். வயது இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடையில். நீரேற்று இயந்திரங்களில் சான்றிதழ் பெற்றவர். நீச்சலில் தேர்ச்சியுள்ளவர். ஆங்கிலம் பேசக்கூடியவர்.

விடுதிப் பதிவுப் படிவத்தின் பதினோராம் பகுதி இப்படித்தான் ஒருவரைக் கேட்கிறது. இலங்கை மலைநாட்டில், எல்லவுக்குப் போகும் வழியில், மலை விளிம்பில், நாலு அறை விடுதி கட்டியிருக்கும் ஷிபான் அந்த இடத்தில் எழுதிக்கொடுத்த பெயர் இராக்கம்மா. வயது ஐம்பத்து மூன்று. பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருடம் கொழுந்து எடுத்தவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் மாரியம்மனைக் கூப்பிடுவார்.

படிவத்தைக் குறைசொல்வதற்கில்லை. குளமே படிவத்துக்குப் பொருந்தவில்லை. விடுதியின் பின்வளவில் ஐந்து மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே ஆழம். ஏழு கோய் அலங்கார மீன்கள். அதில் நீந்த வேண்டுமானால் எட்டாவது மீனாகப் பிறந்திருக்க வேண்டும். ஆனால் படிவத்தில் குளத்துக்கென்று ஒரு கட்டம் இல்லை. விடுதி வளவில் தண்ணீர் தேங்கி நின்றால் அது நீச்சல் தடாகம், அவ்வளவுதான்.

இராக்கம்மா அங்கே வந்தது கூட்டித் துடைக்க. குளத்தங்கரையில் உட்கார்ந்தது அவராகச் சேர்த்துக்கொண்ட வேலை. ஐம்பது வருடமாகத் தண்ணீர் அவருக்கு ஒரு பாரம். மலையூற்றுத் தண்ணீர் விழும் பீலியில் பிடித்து, இடுப்பில் ஏற்றி, தொழிலாளர் லயத்து வீடுவரை சுமக்க வேண்டிய சாமான். பார்ப்பதற்கென்றே தண்ணீரைக் கட்டி வைப்பார்கள் என்பது அவருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு எதிர்மலையிலிருந்து முகில் புறப்படும். தேயிலை நிரைகளின் மேல் ஓசையில்லாமல் வழுக்கி, பள்ளத்தைக் கடந்து, பின்வளவுக்கு வந்து குளத்துக்குள் இறங்கிவிடும். அப்போது மீன்கள் தண்ணீரில் நீந்துகின்றனவா முகிலில் நீந்துகின்றனவா என்று தெரியாது. ஒரு சிவப்பு மீன் மலை உச்சியைச் சுற்றி வரும். விளக்குமாற்றை மடியில் வைத்துக்கொண்டு இராக்கம்மா பார்த்திருப்பார். தூங்கவும் இல்லை, விழித்திருக்கவும் இல்லை என்ற நிலை. கூட்ட வேண்டிய இலைகள் அவரைச் சுற்றி மெதுவாக விழுந்துகொண்டிருக்கும்.

மூன்றாம் மாதம் குளம் பச்சையானது. முகில் வந்து பார்த்துவிட்டு வெளியே நின்றது. மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

காரணம் பம்ப். மலைநாட்டில் தண்ணீரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே பம்பைப் பற்றி யாருக்கும் தெரியாது. இங்கே தண்ணீர் பிறந்ததிலிருந்து இறங்கித்தான் பழக்கம். அதை ஏற்றுவது என்ற யோசனையே கொஞ்சம் மரியாதைக் குறைவானது. ஆனால் ஷிபானுக்கு நீர்வீழ்ச்சி வேண்டும். விருந்தாளிகள் மேல்மாடியில் சாப்பிட்டுக்கொண்டே போட்டோ எடுக்க வேண்டும். ஆகவே சரளைக்கல்லும் நீர்ச்செடியும் போட்ட மேல்குளத்தை, மாடியின் மட்டத்தில், எட்டு மீட்டர் உயரத்து மேட்டில் கட்டினார். கீழ்க்குளத்துத் தண்ணீர் பம்பால் மேலே ஏறி, சரளைக்குள் ஊறிச் சுத்தமாகி, அருவியாகத் திரும்ப வேண்டும் என்பது திட்டம்.

பண்டாரவளையில் புடவைக்கடை வைத்திருப்பவர் ஷிபான். புடவையை நீளம் பார்த்து, அகலம் பார்த்து வாங்குவது போலப் பம்பையும் வாங்கினார். பெட்டியில் ஒன்பது மீட்டர் ஏற்றும் என்று போட்டிருந்தது. மணிக்கு எட்டாயிரம் லீட்டர் தள்ளும் என்றும் போட்டிருந்தது. பெட்டி பொய் சொல்லவில்லை. இரண்டும் உண்மை, ஒரே நேரத்தில் உண்மையல்ல, அதுதான் விஷயம். எட்டு மீட்டர் ஏறி, ஒடுங்கிய குழாயில் ஐந்து முடக்குத் திரும்பி மேலே வந்து சேர்ந்த தண்ணீர், கிழட்டுப் பசுவின் பால் போல ஒழுகியது. விருந்தாளிகள் குரங்குகளைப் போட்டோ எடுத்தார்கள்.

அப்போது வெலிமடையிலிருந்து ஷிபானின் மச்சான் றுஷ்தி வந்தார். லீக்ஸ் பாத்திக்கும் கிழங்குப் பாத்திக்கும் ஆற்றுத் தண்ணீர் இறைக்கும் ஊர் அது. அங்கே ஒரு மனிதனின் மதிப்பை அவனுடைய பம்ப் ஹோஸின் அங்குலத்தில் அளப்பார்கள். மச்சானின் பொடிப் பம்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, லொறியில் கிடந்த தன் தோட்டத்துப் பெற்றோல் பம்பை இறக்கினார். அது இருமியது, புகைத்தது, பிறகு இழுத்தது. அருவி மெய்யாகவே விழுந்தது. ஷிபானுக்குக் கண் கலங்கியது. சரளைக்குள் அவ்வளவு தண்ணீர் நுழைய வழியில்லாமல் பாதி மேட்டைத் தாண்டிப் பக்கத்துத் தேயிலைக்குள் போனது. செடிகளும் கூடப் போயின. இருபத்தைந்து நிமிடத்தில் கீழ்க்குளம் சேறு. இராக்கம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, ஆறு மீன்களை வாளியில் அள்ளினார். ஏழாவது, அந்தச் சிவப்பு மீன், ஹோஸ் வாயில் ஒட்டிக்கொண்டு செத்துப்போயிருந்தது.

றுஷ்தி நல்ல மனிதர். மீனுக்கு வருத்தப்பட்டார், பம்பைப் பற்றி மட்டும் ஒரு குறையும் சொல்லவில்லை.

ஷிபான் அன்றைக்கே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "அடுத்த போயா லீவுக்கு ஆக்கள் வாறாங்க அக்கா. அதுக்கு முந்தித் தண்ணி தெளியல்லண்டா குளத்த மூடிருவன். வேன் நிப்பாட்டவாவது எடமாகும்."

அன்றிரவு இராக்கம்மாவின் கனவில் குளத்தின்மேல் ஒரு வெள்ளை வேன் நின்றதாக, அதன் சக்கரத்தைச் சுற்றி மீன்கள் வந்து வந்து முட்டியதாக, பிறகு சொன்னார். மறுநாள் காலை, மாற்றி வாங்குவதற்காகப் பழைய பம்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பதுளை பஸ் ஏறினார்.

அஸீஸ் ஹாஜியாரின் இரும்புக்கடையில்தான் ஷிபான் அதை வாங்கியிருந்தார். ஹாஜியார் வழக்கம்போலப் பெரிய பம்ப் ஒன்றைக் காட்டினார். இராக்கம்மா பம்பைப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் மடித்திருந்த கடதாசியைப் பார்த்தார். அதில் ஒரு படம். இடது பக்க உச்சியில் தொடங்கிய ஒரு கோடு வலது பக்கம் சரிந்து சரிந்து அடிமட்டத்தில் முடிந்தது. நிற்கும் கோடு உயரம், படுத்த கோடு தண்ணீர் என்று ஹாஜியார் வாசித்துச் சொன்னார்.

"இது மலைங்க ஹாஜியார்," என்றார் இராக்கம்மா. "வெறுங்கூடையோட உச்சிக்கும் போயிரலாம். கொழுந்து நெறஞ்சா அடிவாரத்துலதான் நிக்க முடியும். ரெண்டும் ஒண்ணா நடக்காது."

ஹாஜியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார். "இருவது வருஷமா இந்தக் கடதாசில ஆணி சுத்திக் குடுக்கிறன்," என்றார்.

அதன்பிறகு இருவரும் தேநீர் குடித்தபடி கணக்குப் பார்த்தார்கள். குளத்தில் பன்னிரண்டாயிரம் லீட்டர். அது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை முழுதாகச் சுற்றிவர வேண்டும். அப்படியானால் மணிக்கு ஆறாயிரம். இராக்கம்மா ஒவ்வொரு பெட்டியின் கடதாசியையும் விரித்து, ஆறாயிரத்தில் விரலை வைத்து, கோட்டைத் தொடும்வரை மேலே நகர்த்தினார். எட்டு மீட்டருக்கு ஆறாயிரம் தள்ளுகிற பம்ப் ஒன்று இருந்தது. அது சிறு ஆலை போல மின்சாரம் தின்னும்; குளத்துப் பம்போ இரவும் பகலும் ஓட வேண்டியது. இன்னொன்று, குட்டி, மூன்றரை மீட்டருக்கு மேலே ஏறவே ஏறாது. ஆனால் இரண்டு மீட்டருக்குள் என்றால் ஆறாயிரம் தள்ளும், அதுவும் பழையதன் கால்வாசி மின்சாரத்தில்.

எட்டு மீட்டர் மேட்டுக்காரர் இரண்டு மீட்டர் பம்பை எடுத்துக்கொண்டு போவதை ஹாஜியார் தன் இருபது வருட வியாபாரத்தில் பார்த்ததில்லை. தடுத்தும் பார்த்தார்.

"பரவாயில்லைங்க," என்றார் இராக்கம்மா. "மலைய எறக்கிக்கிறேன்."

சொல்வது எளிது. அந்த மேடு ஷிபானின் அருவி. அதை இறக்கச் சொல்வது சாப்பாட்டு மேசையிலிருந்து போட்டோவைப் பிடுங்குவது. குட்டிப் பம்பைக் கண்டதும் அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தில் கூட அக்கா என்றே பேசுவது அவருடைய பழக்கம். மெக்கானிக் யார், முதலாளி யார் என்று கேட்டார். இராக்கம்மா வாதாடவில்லை. ஒரு வாளியில் விளிம்புவரை தண்ணீர் மொண்டு அவர் முன்னால் வைத்தார்.

"இதத் தூக்கிட்டு மேக்குளத்துக்குப் போய் ஊத்திட்டு வாங்க முதலாளி."

புடவைக்கடைக்காரர் வாழ்க்கையில் தண்ணீர் சுமந்ததில்லை. ஆனாலும் ரோஷம். குழாய் போன வழியிலேயே ஐந்து முடக்கும் திரும்பி ஏறினார். ஒவ்வொரு முடக்கிலும் கொஞ்சம் சிந்தியது. இறங்கி வந்தபோது சேர்ட் நனைந்திருந்தது, மூச்சு பேச விடவில்லை. இரண்டாவது வாளியைச் சும்மா குளத்துக்குப் பக்கத்து இடுப்புயர மண்வரம்பில் ஊற்றச் சொன்னார் இராக்கம்மா. ஒரு சொட்டு சிந்தவில்லை. மூன்றாவதும் அப்படியே, நான்காவதும் அப்படியே.

"மேல எத்தன வாளி போகும், இங்க எத்தன வாளி போகும்னு நீங்களே சொல்லுங்க. மோட்டருக்கும் முதுகு இதேதாங்க."

ஷிபான் வரம்பில் உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் மேட்டைப் பார்த்தார். அருவியை மனதிலிருந்து இறக்குவதற்கு அவருக்கு ஒரு தேநீர் நேரம் எடுத்தது. பிறகு, சரி, போயாவரைக்கும் என்றார்.

தோட்டத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். குளத்துக்குப் பக்கத்திலேயே, தண்ணீர் மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், புது மேல்குளம் வெட்டினார்கள். ஆறு நாள். சரளைக்கல் முழுவதும் வாளிவாளியாக இறங்கியது. தேயிலைக்குள் ஓடிப்போன செடிகளில் பாதி கிடைத்தது. ஊற்றுத் தண்ணீரால் குளத்தை நிரப்பி, அதுவரை தொட்டியில் வைத்திருந்த ஆறு மீன்களையும் விட்டார்கள். இரண்டு அங்குலக் குழாய், ஒரே ஒரு முடக்கு. முடக்குகள் தண்ணீர் தின்னும் என்பதை இராக்கம்மா யாரிடமும் படிக்கவில்லை. லயத்துப் பீலிக்கு வரும் குழாயை இருபது வருடம் அடைப்பெடுத்தவர். பம்பைத் தரையில் வைக்கவில்லை, இரண்டு செங்கல்லின் மேல் வைத்தார்: சேறும் ஏறாது, குழாய் எங்காவது வெடித்தாலும் பம்பின் மட்டத்துக்குக் கீழே மீன்களுக்குக் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். பிளாஸ்டிக் கூடை ஒன்றை வலையால் சுற்றி அதற்குள் பம்பை உட்கார்த்தினார். கரண்ட் ஒழுகினால் தானே விழும் ட்ரிப் சுவிட்சைப் போட ஆள் பிடித்தார். அப்படியும், பிளக்கைக் கழற்றாமல் தண்ணீருக்குள் ஒரு விரலும் வைக்க மாட்டார். மற்றவரை வைக்கவும் விடமாட்டார்.

முதல் வாரத்திலேயே புதுத் தண்ணீரும் பச்சையானது. இரண்டாம் வாரமும் பச்சைதான். ஒரு காலை இராக்கம்மா சரளையைக் கிளறி முகர்ந்து பார்த்தார். அழுகின வாடை. நேரே ஷிபானிடம் போனார்.

"ராவுல பம்ப நிப்பாட்டுறீங்களா?"

எல்லோரும் தூங்கும்போது அருவியை யார் பார்க்கப்போகிறார்கள் என்பது ஷிபானின் நியாயம். நியாயம் சரியானதுதான். ஆனால் சரளைக்குள் அழுக்கைத் தின்னும் உயிர்கள் கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றுக்கு ஓடும் தண்ணீர்தான் மூச்சு. இராக்கம்மா இதை இத்தனை விளக்கமாகச் சொல்லவில்லை. "நீங்க தூங்குறப்ப மூச்ச நிப்பாட்டுறீங்களாங்க?" என்று மட்டும் கேட்டார். சுவிட்சைச் சேலை ஓரத்திலிருந்து கிழித்த துணியால் சுற்றிக் கட்டிவிட்டார். பிளக் அவர் பொறுப்பு. சுவிட்சின் கட்டை யாரும் அவிழ்க்கவில்லை.

போயாவுக்கு இரண்டு நாளைக்கு முன் பச்சை கலையத் தொடங்கியது. முதலில் செங்கல் தெரிந்தது, பிறகு சேலைநூல் போல வேர்கள், பிறகு தரையில் ஒரு மீனின் நிழல். புது அருவிக்கு உயரம் இல்லை, சத்தமும் இல்லை. கல்லின் மேல் ஒரு கண்ணாடித் துணியை யாரோ விரித்துக்கொண்டே இருப்பது போல் தண்ணீர் வழிந்தது. புடவைக்கடைக்காரருக்கு அது பிடித்துப்போனதை முகத்தில் மறைக்க முடியவில்லை. போயா அன்று வந்த விருந்தாளிகள் மேல்மாடியில் சாப்பிடாமல் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு குளத்தங்கரைக்கு இறங்கினார்கள். இரண்டு மணிக்கு எதிர்மலையிலிருந்து முகில் புறப்பட்டு, பள்ளத்தைக் கடந்து, தயங்காமல் தண்ணீருக்குள் இறங்கியது. ஆறு மீன்கள் அதற்குள் போய் மறைந்து, வேறொரு மலையின் பக்கத்தில் வெளியே வந்தன. ஷிபான் வேன் சாரதிகளை அழைத்து, வண்டிகளை ரோட்டோரமாகவே நிறுத்திக்கொள்ளச் சொன்னார்.

படிவம் கேட்ட சான்றிதழ் இல்லாத இராக்கம்மா செய்தது இது: எட்டு மீட்டர் உயரத்திலிருந்த மேல்குளத்தை ஒன்றரை மீட்டருக்கு இறக்கினார், ஒடுங்கிய குழாயைக் கழற்றி அகலக் குழாய் போட்டார், கடையிலிருந்த பம்புகளில் சிறியதை எடுத்து, அதை இரவும் பகலும் நிறுத்தாமல் ஓடவிட்டார்.