வெட்டிய நான்கு கேடயங்கள்

அன்று கடையில் இருந்தவர்கள்: முதலாளி, அவரை நான் அண்ணை என்பேன். அவருடைய மனைவி, அக்கா. நான், வேலைக்கு வந்து மூன்றாம் நாள். மேசையில் ஓர் அரசன், கடதாசியில்.

தோர்ண்டன் ஹீத்தில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை அது. ஒரு கிழமை பார்த்து, கை சரியென்றால் வைத்துக்கொள்வதாக அண்ணை சொல்லியிருந்தார். ஜெர்மனியை விட்டு வந்த எனக்கு இங்கிலீசும் தெரியாது, வேறு வேலையும் இல்லை.

அரசனைக் கொண்டுவந்து தந்தவர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். படம் முந்நூறு வருசத்துக்கு மேல் பழையது. செப்புத் தகட்டில் கீறி அச்சடித்தது. தலைமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. இரு பக்கமும் தூண்கள், தூண்களில் சின்னக் கேடயங்கள். அடியில் இன்னும் நான்கு கேடயங்கள், அவற்றின் கீழே எழுத்து.

கிழவர் தெரிந்தெடுத்த சட்டத்தைவிடப் படம் இரண்டு அங்குலம் நீளம்.

“அடியை வெட்டும்,” என்றார் அண்ணை. “கலண்டர் வெட்டுற மாதிரித்தான்.”

எங்கள் ஆட்கள் கலண்டரில் சாமியை வைத்துக்கொண்டு, கீழே இருக்கும் நகைக்கடைப் பேரை வெட்டிவிட்டுச் சட்டம் போடுவார்கள். எங்களுக்கு வருவதில் பாதி அதுதான். ஜெர்மனியில் பியர்ப் போத்தில்களில் இப்படிச் சிங்கமும் கேடயமும் பார்த்திருந்தேன். விளம்பரம் என்றே நானும் நினைத்தேன்.

“ஒண்டிலை சிங்கம் வாளோட நிக்குது, சிங்களக் கொடி மாதிரி,” என்றேன்.

“அப்ப கட்டாயம் வெட்டும்,” என்றார் அக்கா.

வெட்டினேன். துண்டை எறியவில்லை. ஒரு கேடயத்தில் இருந்த கழுகுக்கு இரண்டு தலை. ஏனென்று ஆறுதலாகப் பார்க்க மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

பின்னேரம் கிழவர் வந்தார். படத்தைப் பார்த்தார். கதிரையில் இருந்துவிட்டார். மெல்லத்தான் பேசினார். அக்கா தமிழில் சொன்னார்.

“ஒவ்வொரு கேடயமும் ஒரு குடும்பமாம். இந்த அரசன்ர பூட்டன் பூட்டிமாரைப் பெத்த ஆக்கள். தேப்பன் பக்கம் எட்டு, தாய் பக்கம் எட்டு. இன்ன வழியிலை வந்தனான், நாடு என்ரை எண்டு காட்டத்தான் கீறுவிச்சதாம். ஒண்டு குறைஞ்சாலும் ஆள் குறைஞ்ச மாதிரித்தானாம்.”

“எங்கட கலியாணப் புரோக்கர்மாரும் இவ்வளவு தோண்ட மாட்டினம்,” என்றார் அண்ணை.

படத்தில் மிச்சம் இருந்தவற்றை எண்ணினேன். பன்னிரண்டு.

“வெட்டினது ஆர் எண்டு கேக்கிறார்,” என்றார் அக்கா.

“நான் எண்டு சொல்லுங்கோ.”

துண்டை எடுத்துக் கொடுத்தேன். கிழவர் படத்தின் அடியில் வைத்துப் பார்த்தார். கோடும் கோடும் பொருந்தின.

“வெட்டச் சொன்னது நான் எண்டும் சொல்லும்,” என்றார் அண்ணை மனைவியிடம்.

ஒட்டினால் அடையாளம் தெரியும் என்றேன். தெரியட்டும், ஆட்கள் வந்து சேர்ந்தால் போதும் என்று கிழவர் சொன்னாராம்.

“நாளைக்கு நான் வரட்டோ அண்ணை?”

“ஒட்டுறதுக்கு வாரும். மிச்ச நாளைப் பற்றி அந்தாள் கேடயத்தை எண்ணின பிறகு சொல்லுறன்.”

கோதுமை மாப் பசை காய்ச்சினேன். பின்னால் மெல்லிய கடதாசி. இரண்டு நாள் பாரம் வைத்தேன். பெரிய சட்டம் செய்தேன்.

கிழவர் வந்தபோது அக்காவைக் கொண்டு கழுகைப் பற்றிக் கேட்டேன். அது ஒரு பேரரசரின் குடும்பமாம். ஒரு தலை கிழக்கே, மற்றது மேற்கே பார்க்கிறதாம். வாள் பிடித்த சிங்கம் தாய் வழியில் வந்த ஏதோ சின்ன நாடாம்.

பிறகு கண்ணாடியில் விரலை வைத்து எண்ணத் தொடங்கினார். அண்ணையும் கிட்ட வந்து நின்றார்.

பதினாறு.