டிரெஸ்ஸர் கேட்ட லாயாங்

ஒரு பொருளைத் தவிர வேறொன்றைத் தொடமாட்டேன் என்று ஒருவன் ஊரறியச் சொல்லிவிடுகிறான். அந்தப் பொருளோ அவன் இருக்கும் பக்கமே வருவதில்லை. அவன் காத்திருப்பது பொருளுக்காகவா, சொன்ன சொல்லுக்காகவா? காஜா பெராங் கலியாணசுந்தரத்தின் வாழ்க்கையில் நான்கு ஆண்டுகள் இந்தக் கேள்வியாகவே கழிந்தன.

அவரைப் பெரிய மனிதர் என்று சொல்வதற்கில்லை. மலாக்காவில், புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் டிரெஸ்ஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவார், காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார். தொழிலாளர்கள் அவரை மதித்தார்கள்; அந்த மதிப்பு அவருக்குச் சற்று அதிகமாகவே பிடித்திருந்தது. தோட்டத்தில் கொடுத்த வீட்டை வேண்டாமென்று, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகக் காஜா பெராங்கில் வாடகைக்கு இருந்தார். வெயிலோ மழையோ, தினமும் சைக்கிள்தான்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த இரண்டாம் ஆண்டு, பத்து பெரெண்டாமில் ஒரு கம்பெனி இந்த நாட்டிலேயே மோட்டார் சைக்கிள் செய்யப் போகிறது என்று செய்தி வந்தது. பெயர் லாயாங். பெட்ரோல் டாங்கியில் தகைவிலான் குருவிப் படம். அந்த வாரம் வாசகசாலைக் கூட்டத்தில் கலியாணசுந்தரம் பேசினார். நாம் வெட்டுகிற பால் கப்பலேறிப் போய் டயராகத் திரும்பி வருகிறது, அதையும் நாமே காசு கொடுத்து வாங்குகிறோம் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் நீண்டது.

"இந்த நாட்டுல செஞ்ச மோட்டார்லதான் உக்காருவேன். இல்லாட்டி கடைசி வரைக்கும் சைக்கிள்தான்" என்றார்.

மேடையில் சொன்னதை மறுநாள் மறந்துவிடும் பேச்சாளர்கள் மலாக்காவில் அன்று ஏராளம். இவரால் மறக்க முடியவில்லை. மறக்க விடவும் ஆளில்லை.

அடுத்த ஆண்டு தோட்டத்துப் பெரிய துரை அவரைக் கூப்பிட்டார். மூன்று தோட்டங்களுக்கும் சேர்த்து ஒரே டிரெஸ்ஸராகப் போகும் வேலை காலியாகிறது, உனக்குத் தரலாம், ஆனால் மோட்டார் சைக்கிள் வேண்டும் என்றார். கலியாணசுந்தரம் பதினைந்து வருடம் எதிர்பார்த்திருந்த வேலை அது. நேராக டவுன் கடைக்குப் போய் லாயாங் கேட்டார். அடுத்த மாதம் வரும் என்றார்கள். அடுத்த மாதம் போனார். அதற்கடுத்த மாதம் என்றார்கள். கடையில் இங்கிலாந்து வண்டி இருந்தது, ஜப்பான் வண்டி இருந்தது. பத்து பெரெண்டாமில், பஸ்ஸில் போனால் அரைமணி நேரத் தொலைவில் செய்த வண்டி மட்டும் இல்லை.

எதிர்வீட்டு அலமேலு, மலாக்காவில் பல தலைமுறையாக வேரூன்றிய செட்டி வம்சத்துப் பெண்மணி. வீட்டில் மலாய்தான் பேச்சு. கலியாணசுந்தரம் சைக்கிளை வெளியே எடுக்கும்போதெல்லாம் வாசலில் நின்று கேட்பாள்: "டிரெஸ்ஸர், மோத்தோர் பெலும் சம்பாய்?" மோட்டார் இன்னும் வரவில்லையா என்பதுதான் கேள்வி. கெட்ட எண்ணத்தோடு கேட்டதாகத் தெரியவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

வண்டிகள் எங்கே போகின்றன என்பதை ஒருநாள் ஆற்று முகத்துவாரத்தில் கண்ணாலேயே பார்த்தார். கித்தான் சுற்றிய லாயாங்குகளை ஒவ்வொன்றாகத் தொங்காங் என்ற சரக்குப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சுமத்ராவில் கூடுதல் விலை கிடைக்கிறது, திரும்பி வரும் படகில் மிளகும் பாக்கும் வருகிறது. கம்பெனிக்கு இரட்டை லாபம். படகுக்காரன் பேச்சுக்கொடுத்தான். அக்கரையில் இப்போது மீன் விற்கிறவன்கூட இதில்தான் போகிறானாம். இவர் சைக்கிளை மிதித்துத் திரும்பினார்.

வீட்டில் மனைவி அஞ்சலை பொறுத்துப் பார்த்தாள். ஜப்பான் வண்டி வாங்கிய எவனும் நாட்டை விட்டு ஓடிவிடவில்லை என்றாள். ஊர் சிரிக்கும் என்றார் இவர்.

"நீங்க சொன்னது மேடையில. கால் வலின்னு படுக்குறது வீட்டுல. தைலம் தேய்க்க ஊர் வரப்போவுதா?"

அவர் எழுந்து சைக்கிளைத் துடைக்கப் போனார். அன்று தைலமும் கேட்கவில்லை.

துரை ஓர் ஆண்டு பொறுத்தார். பிறகு வேலை தேவதாஸுக்குப் போனது. கலியாணசுந்தரத்திடம் ஊசி போடக் கற்றுக்கொண்டவன்; ஜப்பான் வண்டி வைத்திருந்தான். வாரம் ஒருமுறை வண்டியில் வந்து இறங்கி, அண்ணே என்று மரியாதையாகக் கூப்பிட்டு, மருந்து அலமாரியைச் சரிபார்த்துவிட்டுப் போவான். அந்த மரியாதையைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. இதைக் கொள்கை உறுதி என்று சிலர் பாராட்டினார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. கொள்கைக்கும் வீம்புக்கும் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. உள்ளே இருப்பவனுக்கும் எப்போதும் தெரிந்துவிடுவதில்லை.

அறுபத்து மூன்றில் இந்தோனேசியாவோடு பகை முற்றி, அக்கரை வியாபாரம் அடியோடு நின்றது. தொங்காங்குகள் ஆற்றில் சும்மா கிடந்தன. அதே சமயம் தேவதாஸ் ஜொகூர் தோட்டமொன்றுக்கு மாற்றலாகிப் போனான். துரை மறுபடியும் கூப்பிட்டார். மாதக் கடைசிக்குள் மோட்டாரோடு வா, இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்த வாரமே பத்து பெரெண்டாமில் லாயாங் வேண்டிய மட்டும் கிடைக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அஞ்சலை பெட்டியிலிருந்து சலவை வேட்டியை எடுத்துக் கொடுத்தாள். முதல் பஸ்ஸில் புறப்பட்டார்.

கம்பெனிக் கொட்டகைக்குள் அவர் கண்டது வரிசை வரிசையாக லாயாங்குகள். ஸ்டோர் பொறுப்பாளர் நல்லையா அவரை உள்ளே அழைத்துப்போனார்.

"எது புடிக்குதோ எடுங்க சார். ரெண்டு வேணும்னாலும் குடுக்குறோம். அந்தக் கரைக்குப் போக வழியில்ல, இனிமே எல்லாம் உங்களுக்குத்தான்."

கலியாணசுந்தரம் ஒரு வண்டியின் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தார். டாங்கியில் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். எவ்வளவு நாளாக இங்கே நிற்கின்றன என்று கேட்டார். மூன்று வாரம் இருக்கும் என்றார் நல்லையா. அதற்கு முன்னால் ஒரு வண்டிகூட இங்கே மிஞ்சவில்லையா என்றார். அக்கரையில் அவ்வளவு விலை கிடைக்கும்போது இங்கே யார் மிஞ்ச விடுவார்கள் என்று சிரித்தார் நல்லையா. அவரும் தலையாட்டிவிட்டு, யோசித்து வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் காஜா பெராங் தெருவுக்குள் அவர் ஒரு மோட்டாரில் வந்தார். டவுன் கடையில் வாங்கிய ஜப்பான் வண்டி. அலமேலு வாசலுக்கு வந்தாள், எதையும் கேட்கவில்லை. லாயாங் ஏன் வாங்கவில்லை என்று அஞ்சலை கேட்டாள். வாசகசாலைக்காரர்கள் கேட்டார்கள், பிறகு மூன்று தோட்டத்து ஆட்களும் கேட்டார்கள். அவர் மருந்துப் பையை வண்டியில் மாட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்த வண்டியைத்தான் ஓட்டினார்.