சூடு தெரியாத பாதம்

கீ… கீ… கீ… வீடு கண்ணில் படும் முன்பே அந்தச் சத்தம் காதில் விழுந்தது. சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்குக் கருவி செய்து விற்கிறவனுக்கு அது ஆபத்துச் சத்தம். ஒரு பாதம் இன்னொன்றைவிடச் சூடாக இருந்தால் உள்ளே புண் கிளம்புகிறது என்று அர்த்தம். காலணிக்குள் நான் வைத்த தகடு உடனே கத்தும். ஒரு காலத்தில் மாநிலத்துக்காக நானூறு மீட்டர் ஓடியவன் நான். முட்டி போனதிலிருந்து தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில் தூக்கம் வராமல் காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் இந்தத் தொழில். வீடு வீடாகக் கருவி தூக்கி அலையும் சக துன்பவாசிகளே, மீதியை நீங்களே ஊகிப்பீர்கள்.

வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று

மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம், எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் சின்னையா அண்ணன் வீடு அது. நொண்டிக்கொண்டே ஓடினேன். அண்ணன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் கழற்றிப் போட்ட, தகடு வைத்த சப்பாத்தில் ஒன்று வெயிலில் கிடந்தது, மற்றது நிழலில். நம் ஆட்கள் வீட்டுக்குள் சப்பாத்து போட மாட்டார்கள் என்பதை யோசிக்காமலே கருவி செய்திருக்கிறேன்!

அவர் மனைவி பார்வதியக்கா எட்டிப் பார்த்தார். "சப்பாத்துக்குக் காய்ச்சல் வந்திருச்சு தம்பி, ஏதாச்சும் மருந்து குடுத்துட்டுப் போங்க."

அலமாரி மேல் பாய்

அடுத்து, வெறும் காலோடு நிற்கத் தோதாக ஒரு பாய் செய்தேன். அண்ணன் தினமும் சாமி மேடைக்கு முன் கும்பிட நிற்பார். அந்த நேரம் போதும், இரண்டு பாதத்தின் சூடும் என் கைப்பேசிக்கு வந்துவிடும். பல நாளாக ஒன்றும் வரவில்லை. போய்ப் பார்த்தால் பாய் பிளாஸ்டிக் உறையோடு அலமாரி மேல் இருக்கிறது.

"நல்ல சாமான் தம்பி," என்றார் அக்கா. "இவரு மிதிச்சு அழுக்காக்கிருவாருன்னு பத்திரமா எடுத்து வச்சிட்டேன்லா."

காப்பு கட்டிய கை

நானே பாயை விரித்து நிற்க வைத்தேன். வலது பாதம் கொதித்தது. பெருவிரலடியில் தடித்த தோல். அழுத்தினால் வலிக்கவில்லை என்றார். அதுதான் பயம். அவர் கையில் மஞ்சள் காப்பு வேறு. எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் தீ மிதிக்க நேர்ந்திருக்கிறார். இந்தப் பாதத்தோடு நெருப்பில் இறங்கினால் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"போன வருசம் இறங்கினேன், சூடே தெரியல. ஆத்தா கூடவே நடந்தா. உங்க மிஷின் அவளுக்கு மேலயா தம்பி?"

கடைசி ஓட்டம்

நரம்பு செத்ததால்தான் சூடு தெரியவில்லை என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கால்சட்டையைத் தூக்கி முட்டித் தழும்பைக் காட்டினேன். "வலி தெரியாம இருக்க ஊசி போட்டுக்கிட்டு ஓடினேண்ணே. காலு பறந்த மாதிரி இருந்துச்சு."

விரலால் தழும்பைத் தொட்டுப் பார்த்தார்.

"அன்னிக்கு ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சேண்ணே. அதுக்கப்புறம் ஓடல."

எழுந்து சட்டையை மாட்டினார். வாசலுக்குப் போன பிறகுதான் திரும்பினார். "கிளினிக்கு இந்நேரம் திறந்திருக்குமா?"

பூக்குழி ஓரம்

கிளினிக்கில் தடித்த தோலைச் சீவினார்கள், அடியில் சீழ். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் எலும்பைத் தொட்டிருக்கும் என்றார்களாம். பூசாரியிடம் அண்ணனே போய்க் கேட்டார். தீக்குழியைச் சுற்றி வந்தாலும் வேண்டுதல் சேரும் என்று அவர் சொல்லிவிட்டார்.

திருவிழா அன்று, தீயில் இறங்காமல் குழியைச் சுற்றும் பெண்கள் வரிசையில், கட்டுப் போட்ட காலோடு அண்ணன் ஒருவர் மட்டும் ஆம்பளை. தலை குனிந்தே நடந்தார். குழியில் இறங்க நின்ற கூட்டாளி ஒருவன் சும்மா இருப்பானா? "என்னாண்ணே, சேலை எங்க?" என்று கத்தினான்.

அண்ணன் அப்போதுதான் தலை நிமிர்ந்தார். "பிரேக் மிதிக்கிற காலுடா இது. ஆத்தாவுக்குத் தெரியும், நீ உன் வேலையப் பாரு!"

ஓர் ஆளை ஒரு நெருப்பிலிருந்து தள்ளி நடக்க வைக்கவே இத்தனை அலைச்சல் என்றால் இந்தத் தொழிலில் நான் பணக்காரன் ஆவது எந்த ஜென்மத்தில் என்று யோசித்தபடி வீட்டுக்கு வந்து, இரவு வேலைச் சட்டையை விரித்து, திருவிழாவுக்குக் கிளம்பும் அவசரத்தில் பாதியில் விட்ட இஸ்திரியை மறுபடி போடத் தொடங்கினேன்.