கள்ளு விட்ட பாண்

மருமகள் இன்று வீட்டிலேயே பாண் சுட்டாள். ஈஸ்ட் போட்டு மூடி வைத்த மாவின் புளித்த வாசம் வந்ததும் எனக்குக் கள்ளுத்தான் நினைவுக்கு வந்தது.

இரண்டாம் உலக யுத்த காலம். நான் சிறுமி. அரிசி அருமையாகி, கூப்பனுக்குக் கோதுமை மா கொடுத்தார்கள். எங்கள் ஊரான சண்டிலிப்பாயில் என் அம்மா அந்த மாவைக் கள்ளு விட்டுப் பிசைந்து பொங்க வைப்பார். பிறகு மண்சட்டியில் வைத்து, மூடியின்மேல் சிரட்டைத் தணல் பரப்பிச் சுடுவார்.

கள்ளுக் கொண்டுவருபவள் வள்ளி. எங்கள் பனைகளில் ஏறிக் கள் இறக்குபவரின் மகள். என் வயதுதான். கள்ளு முட்டியை வாசல் படலையடியில் வைத்துவிட்டு விலகி நிற்பாள். அதன் பிறகே அம்மா போய் எடுப்பார்.

ஒருநாள் அவள் வந்தபோது பாண் வெந்து இறங்கியிருந்தது.

"எங்கடை கள்ளிலை சுட்டதோ, நாச்சியார்?"

"ஓமடி. இந்தா, பிடி."

வள்ளி இரண்டு கைகளையும் குழித்து நீட்டினாள். தன் கை அவள் கையில் முட்டிவிடாமல் அம்மா உயரத்திலிருந்து பாண் துண்டைப் போட்டார். அது அவள் விரலில் பட்டு மண்ணில் விழுந்தது. எடுத்துக் கொடுக்க நான் குனிந்தேன்.

"நீ விடு. அவள் எடுப்பாள்" என்று அம்மா தடுத்தார்.

வள்ளி எடுத்து, மண்ணை ஊதிவிட்டுக் கடித்தாள். "நல்லாப் பொங்கியிருக்கு" என்று சிரித்தாள்.

அவள் வீட்டுக் கள்ளை விட்டு இரண்டு கையாலும் மாப் பிசைந்த அம்மாவுக்கு அவள் விரல்தான் தீட்டு. எனக்கும் அன்று பாண் இனிக்கத்தான் செய்தது.

"மாமி, கையை நீட்டுங்கோ."

மருமகள் சூடான பாண் துண்டை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மெல்ல மூடிவிட்டாள். கடித்தேன். பல்லிடையில் அன்றைய மண் நெறுநெறுத்தது.