தெருப்பக்கச் சுவர்

வீடுகளை இடித்துப் பிழைக்கிற ஒருவர், வீடு இடிப்பவர்கள் ஊருக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும் என்று ஏன் மல்லுக்கு நிற்க வேண்டும்? சுத்தியல் அக்காவைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்தக் கேள்வியில்தான் வந்து முட்டும். தன் வயிற்றில் தானே அடித்துக்கொண்டார் என்றார்கள் சிலர். விளம்பர ஆசை என்றார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. அதற்காக அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் மனம் வரவில்லை. அவருக்கு வாய் நீளம். கூட வேலை செய்பவர்களைப் படாத பாடு படுத்துவார். தப்பு தன்மேல் என்றால் அதை ஒப்புக்கொள்வதற்குள் ஒரு யுகம் போய்விடும்.

சொந்தமாக ஒரு பொக்லைன், நான்கு ஆட்கள், அவர்களில் ஒருவர் தங்கையின் கணவர். இதுதான் அவருடைய தொழில். வேலையில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் கதவு, ஜன்னல், குழாய், ஒயர் எல்லாவற்றையும் கழற்றுவார்கள். பிறகு கூரை. அதன்பின் பின்பக்கத்திலிருந்து சுவர்கள். தெருப்பக்கச் சுவர் மட்டும் கடைசிவரை நிற்கும். புழுதி தெருவுக்குப் போகாமல் அது மறைத்துக்கொள்ளும். அதையும் உள்பக்கமாகச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் அடித்தால் வேலை முடிந்தது.

அந்த நாட்களில் ஊரில் சின்ன வீடு ஒவ்வொன்றையும் யாராவது விலைக்கு வாங்கி, தரைமட்டமாக்கி, மாளிகை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். வாடகைக்கு இருந்தவர்கள் ஊருக்கு வெளியே போனார்கள். அப்படி விலைபோன வீடுகளில் ஒன்றில்தான் தங்கை குடியிருந்தார். இடிக்கும் வேலை அக்காவுக்கே வந்தது. அக்கா மறுக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை பார்த்த தங்கை, அதன்பிறகு இரண்டு பஸ் மாறி வந்தார். அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே குத்துவார்.

"வாங்க, என் அடுப்படியை வாரி லாரியில ஏத்தின மகராசி!"

"வாடகை வீட்டுக்கு என்னடி இவ்வளவு உரிமை?"

"உரிமையெல்லாம் இல்லக்கா. ரெண்டு பஸ். அவ்வளவுதான்."

அக்கா பேச்சை மாற்றிவிடுவார்.

இந்தச் சமயத்தில்தான் நகர மன்றம் ஒரு யோசனையைக் கொண்டுவந்தது. பழைய வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டுபவர் ஒரு கட்டணம் செலுத்த வேண்டும். அந்தப் பணத்தில், சந்தைக்குப் பின்னால் கிடந்த காலி மனையில், குறைந்த வாடகைக்கு வீடுகள் கட்டப்படும். பில்டர்கள் கொதித்தார்கள். பொதுமக்கள் கருத்துக் கூட்டத்துக்கு இடிப்புத் தொழிலாளர்களை வேன் வைத்து அழைத்துப் போனார்கள். மதியச் சாப்பாடும் அவர்கள் செலவு. "எங்க பொழப்பு போயிடும்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா, போதும்" என்று அக்காவை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

அக்கா எழுந்தார்.

"எங்க பொழப்பு ஒண்ணும் போகாது. மாளிகை கட்டணும்னு நினைச்சவங்க, கொஞ்சம் முனகிட்டுக் கட்டத்தான் போறாங்க. என்கூட இந்த ஊர்ல இடிக்கிறவங்க ஒருத்தராலகூட இந்த ஊர்ல குடியிருக்க முடியல. போடுங்க கட்டணத்தை!"

பின்வரிசையிலிருந்து ஒரு இளம் பில்டர் கத்தினார். "சாப்பாடு எங்களோடது, பேச்சு மட்டும் அவங்களுக்கா?"

"சாப்பாட்டுல உப்பு கம்மி தம்பி. நன்றியும் அந்த அளவுக்குத்தான் இருக்கும்."

சிரிப்பு அடங்கியதும் மன்றத் தலைவர் அவரிடமே ஒரு சந்தேகம் கேட்டார். "ஒரு வீடு இடிஞ்சு போச்சுன்னு எதை வச்சும்மா சொல்லுவீங்க?"

"தெருப்பக்கச் சுவர் விழுந்தா வீடு போச்சு. அது நிக்கிறவரைக்கும் எங்க கணக்குல வேலை முடியல."

விதியை எழுதியவர்கள் அதை அப்படியே எழுதிவிட்டார்கள்.

கட்டணம் அமலுக்கு வந்தது. சந்தைக்குப் பின்னால் அஸ்திவாரம் தோண்டினார்கள். தங்கை விண்ணப்பம் போட்டார். பிறகு பணம் வருவது நின்றுபோனது. பில்டர்கள் விதியைப் படித்திருந்தார்கள். தெருப்பக்கச் சுவரை மட்டும் விட்டுவைத்தால் அது இடிப்பு இல்லையே, வெறும் பழுதுபார்ப்புதானே? ஊரெங்கும் ஒற்றைச் சுவர்கள் நின்றன. அவற்றின் முதுகுக்குப் பின்னால் மாளிகைகள் வளர்ந்தன. அஸ்திவாரக் குழிகளில் மழைநீர் தேங்கியது.

"நீ இடிச்சதைக்கூட மறந்துடுவேன்க்கா," என்றார் தங்கை. "நீ நிக்க வச்சதை எப்படி மறக்கிறது?"

அக்கா மன்றத்துக்கு நடையாய் நடந்தார். பார்க்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். இதற்கிடையில் அவருக்கு வந்த வேலைகளிலும் அதே உத்தரவுதான். அவரும் சுவர்களை நிற்கவைத்துவிட்டுத்தான் வந்தார். இதை மறைத்து அவரை உயர்த்திப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பிறகு ஒரு முனைவீடு. கூட்டத்தில் கத்திய அதே இளம் பில்டர்தான் வேலை கொடுத்தவர். "சுவர் பத்திரம்க்கா" என்று காலையில் சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் வழக்கம்போலவே நடந்தது. பொழுது சாயும் நேரத்தில், மற்றவர்கள் கம்பிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது, பொக்லைனின் கை நீண்டது. தெருப்பக்கச் சுவர் உள்பக்கமாகச் சரிந்தது.

பில்டர் ஓடிவந்தார். அவர் வாய் திறக்கும் முன்பே தங்கையின் கணவர் முந்திக்கொண்டார்.

"ரொம்பப் பழைய சுவர் சார். அடியில ஒரே ஈரம். தானா சாஞ்சுடுச்சு."

நல்ல பொய். விழுந்த விதம் எதுவானாலும் சுவர் விழுந்துவிட்டது. கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும். தங்கைக்குக் கிடைக்க வேண்டியதில் அந்தப் பொய் ஒரு குண்டுமணியும் குறைக்காது. அக்காவின் தொழிலையும் காப்பாற்றியிருக்கும். பில்டரும் நம்பத் தயாராக இருந்தார்.

"அப்படித்தானேக்கா?"

அக்கா பொக்லைனிலிருந்து இறங்கி அவர் முன்னால் வந்து நின்றார்.

"தானா விழல தம்பி. நான்தான் தள்ளினேன். அடுத்த சுவரைக் குடுத்தாலும் தள்ளுவேன். போய் எல்லார்கிட்டயும் சொல்லு."

பில்டர் சொன்னார். அதன்பின் அந்த ஊரில் எந்த பில்டரும் அக்காவைக் கூப்பிடவில்லை. அந்தப் பொய்யை ஏன் ஏற்றுக்கொள்ளவில்லை என்று தங்கையிடம்கூட அக்கா சொன்னதில்லை.