திரும்பித் திரும்பி வந்த விளக்கு

அம்மா யாழ்ப்பாணத்தில் ஆனி மாதம் இறந்துபோனார். என் அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. ஊருக்குப் போனால் கனடாவுக்குத் திரும்ப முடியாது. மூத்த மகன் நான் மொன்றியலில் ஒரு தாய்லாந்து உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருக்க, சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்தான். கீரிமலையில் சாம்பல் கரைத்ததும் அவன்தான். "எல்லாம் வடிவா நடந்தது, அண்ணை" என்று தொலைபேசியில் சொன்னான். ஆறுதலுக்குத்தான் சொன்னான். எனக்கோ எரிச்சல் வந்தது.

கார்த்திகை வந்தது. வில்லரேப் பகுதியில் என்னோடு வீடு பகிர்ந்திருந்தவர் விளக்கீட்டுத் திருநாளுக்குக் கோயிலுக்குப் புறப்பட்டார்.

"உமக்கு இந்த வருசம் கொண்டாட்டம் இல்லைத்தானே. நான் போட்டு வாறன்" என்றார்.

ஆண்டுத் திவசம் முடியும்வரை அப்படித்தான். ஆனால் துக்கம் காப்பதற்கும் ஒரு வீடு நிறைய ஆட்கள் வேண்டும். நான் தனியே காத்த துக்கம் பக்கத்து அறைக்குக்கூடத் தெரியவில்லை.

அந்த வாரம் உணவகத்தின் சமையல்காரி என்னைக் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்த தாய்லாந்துக்காரி. "ஞாயிற்றுக்கிழமை எங்கள் விளக்குத் திருநாள், லோய் கிராதோங். நீயும் வா. துக்கத்தை விளக்கில் ஏற்றித் தண்ணீரில் விட்டால் போய்விடும்" என்று, எங்கள் இருவருக்கும் பொதுவான அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னார். அடுத்தவர் கொண்டாட்டத்துக்கும் எங்கள் விலக்குச் செல்லுமா என்று கேட்க எனக்கு ஒருவரும் இல்லை. போனேன்.

ஒரு தேவாலயத்தின் நிலவறை. பட்டப்பகல் என்பதால் ஜன்னல்களில் கறுப்புக் குப்பைப் பைகளை ஒட்டி இருட்டாக்கியிருந்தார்கள். ஆற்றங்கரையில் நிற்க முடியாத குளிர். ஆகவே நடுவில், குழந்தைகள் விளையாடும் நீலப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் தண்ணீர். அடியில் மீன் படங்கள். இதற்கா குளித்து முழுகி வந்தேன் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

கடையில் உறையவைத்து விற்கும் வாழையிலையை மடித்து, செவ்வந்திப் பூவும் ஊதுபத்தியும் மெழுகுதிரியும் குத்தி ஆளுக்கொரு சிறு தெப்பம் செய்தோம். விடும்போது இருவராக, மூவராகச் சேர்ந்து பிடித்து நெற்றிவரை உயர்த்தினார்கள். என்னுடையதை நான் மட்டும் பிடித்தேன். அவ்வளவு சின்ன விளக்குக்கு ஓர் ஆள் போதும்தான். ஆனாலும் யாராவது ஒரு விரலாவது வைத்திருக்கலாம்.

"போட்டு வாங்கோ, அம்மா" என்று சொல்லித் தண்ணீரில் விட்டேன்.

விளக்கு ஒரு சுற்றுச் சுற்றி என் முழங்காலடிக்கே வந்தது. மறுபடியும் அதையே சொல்லித் தள்ளினேன். மறுபடியும் வந்தது. ஓட்டமில்லாத தண்ணீரில் வேறு எங்கே போகும்? எல்லோருடைய விளக்கும்தான் திரும்பி வந்தது. அவர்கள் சிரித்தபடி கையால் அலை எழுப்பித் தள்ளினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவுக்குப் போக மனமில்லை என்றே பட்டது.

மூன்றாம் தடவை வாயைத் திறந்தபோதுதான் உறைத்தது. செத்தவீட்டில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். நானோ சந்தைக்குப் புறப்பட்டவரை வழியனுப்புவது போல, போய்விட்டு வாங்கோ என்று அம்மாவைத் திரும்பி வரச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அவர் திரும்பி வரவேண்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

விளக்கு காலடியில் எரிந்துகொண்டிருந்தது. அதைத் தள்ளவில்லை. எழுந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் வெளியே வந்தேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. மெட்ரோ வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன்.

மறுநாள் நான் கோப்பை கழுவும் இடத்துக்கே சமையல்காரி வந்துவிட்டார்.

"நேற்று ஏன் சொல்லாமல் போனாய்?"

"எங்கள் வழக்கம்."

"மரியாதை கெட்ட வழக்கம்" என்றார்.

அவர் கோபம் நியாயம்தான். அம்மாவின் செத்தவீட்டுக்குப் போய் வந்தேன் என்று சொல்லிப் புரியவைக்க என் பிரெஞ்சு போதாது. "ஓம்" என்று தமிழிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு அடுத்த கோப்பையை எடுத்தேன்.